பதினொரு மாணாக்கரும் ஒரு பந்தும்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் எனப்பட்ட டச்சுக்காரரின் கொடி பறந்த காலத்தில், கோட்டைக்குள்ளே ஒரு கலாசாலை இருந்தது. அதற்கு ஒரு ரெக்டர், ஒரு செயலாளர், ஒரு நூலகப் பொறுப்பாளர், ஒரு விளையாட்டுச் சபைத் தலைவர் என்று நான்கு அதிகாரிகள். நான்கு பேரும் ஒரே ஆள்தான். மாணாக்கர்களும் நால்வர். அவர்களில் இருவருக்குக் காய்ச்சல். ஒருவன் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவன், அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பவில்லை. நாலாமவன் ஆபிரகாம் மட்டும் தினமும் வந்து, எல்லாருக்குமாகச் சேர்த்துப் படித்துவிட்டுப் போவான்.

ரெக்டர் துரை தம் பதவிகளை ஒன்றோடொன்று கலக்க விடுகிறவர் அல்லர். நூலகத்துக்கு மெழுகுவர்த்தி வேண்டுமென்றால், நூலகப் பொறுப்பாளராக உட்கார்ந்து ரெக்டருக்கு விண்ணப்பம் எழுதுவார். பிறகு எழுந்துபோய் எதிர் நாற்காலியில் ரெக்டராக உட்கார்ந்து, நாலு நாள் யோசித்து, நிராகரிப்பார். அதன் பிறகு ஒரு வாரம் நூலகப் பொறுப்பாளருக்கும் ரெக்டருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

இப்படிக் கலாசாலை குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தபோது, கடல்கடந்த கலாசாலைகளின் மேல்சபையிடமிருந்து கப்பலில் ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு கலாசாலையும் பதினொரு பேர் கொண்ட பந்தாட்ட அணி ஒன்றை வைத்து, ஒரு பருவத்துக்கு மூன்று ஆட்டம் ஆட வேண்டும். தவறினால் அது கலாசாலை அல்ல, பள்ளிக்கூடம். அதன் தலைவர் ரெக்டர் அல்லர், வாத்தியார்.

வாத்தியார் என்ற இடத்தைப் படித்ததும் துரைக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஆபிரகாமை எத்தனை தடவை எண்ணினாலும் ஒருவன்தான் தேறினான். அன்று முழுவதும் நான்கு அதிகாரிகளும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பவன் மாணாக்கன். ஆகவே பெயர்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் நாலு சிப்பாய்களோடு துபாஷி கௌஸ் மைதீன் ஏரிக்கரை மீனவர் குப்பமான தோணிரேவுக்கு வந்தார். பாட்டன் காலத்தில் கப்பல் ஓட்டிய குடும்பம் அவருடையது. இப்போது துரைமார் சொல்வதைச் சனங்களுக்குச் சொல்லும் உத்தியோகம். தினமும் கெட்ட செய்தி கொண்டு போய்ப் போய், நல்ல செய்தி சொல்லும்போதும் அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகமாகவே இருக்கும்.

கரையில் வலை சீர்படுத்திக்கொண்டிருந்த பத்துப் பேரை எண்ணி நிறுத்தினார். பத்தாவதாக நின்றவன் பொன்னுரங்கம். வயது முப்பத்திரண்டு, மூன்று பிள்ளைகள்.

“இன்னாத்துக்கு பாய் பேரு எழுதறீங்கோ?”

“படிக்கிறதுக்குப்பா.”

“ஆரு படிக்கிறதுக்கு?”

“நீதான். லத்தீன் படிக்கிறே. அப்புறம் பந்து வெளையாடறே.”

காலையில் மீனவனாக உட்கார்ந்த பொன்னுரங்கம், எழுந்திருக்கும்போது லத்தீன் மாணாக்கனாக எழுந்தான்.

கோட்டை மைதானத்தில் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி ரெக்டர் துரை சொற்பொழிவாற்றினார். அவர் பழைய ஓலைச்சுவடிகளிலிருந்து தமிழ் கற்றவர். அதனால் துரை தமிழில் பேசுவார். கௌஸ் மைதீன் அதைத் தமிழில் மொழிபெயர்ப்பார்.

“அன்புசால் மாணாக்கர்காள்! ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துதலே கல்வியின் கொடுமுடி. வலை வீசுவோன் மீன் பெறுவான். பந்து ஏந்துவோன் யாதொன்றும் பெறான். பயன் கருதாமையின் பந்தே உயர்ந்தது. நும் உதிரம் சிந்தும். யாம் அதனைக் கண்டு மகிழ்வோம்.”

“ஒண்ணும் கெடைக்காது, அடிபடும்னு சொல்றாரு” என்றார் கௌஸ் மைதீன்.

“அது மூஞ்சியப் பாத்தாலே தெர்தே” என்றான் முனியன். அவன் பொன்னுரங்கத்தின் பக்கத்து வீட்டுக்காரன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

கோட்டைக் கிடங்கிலிருந்து துருப்பிடித்த இரும்புத் தொப்பிகள் பதினொன்று வந்தன. தோளுக்குத் தேவாலயத்து இருக்கை மெத்தைகளை அறுத்துக் கட்டினார்கள். பந்து ஆட்டுத் தோலில் தைத்தது, இரண்டு முனையும் கூராக, பெரிய பலாக்கொட்டை போல இருந்தது. ஆட்டமும் அதிகக் கஷ்டமில்லை. ஒரு பக்கத்தார் நாலு முயற்சியில் பந்தைப் பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் கைவிரித்த நீளம், முன்னே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு புள்ளி. ஆட்டத்துக்கு வராதவன் தேர்வில் தோற்றவன். தோற்றவன் அடுத்த பருவம் வரை கோட்டைக்குள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும்.

“தேதி எப்போ பாய்?” என்று கேட்டான் பொன்னுரங்கம். அவனுக்கு வேறொரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“வர்ற வெள்ளிக்கிழமை மொத ஆட்டம். அப்புறம் இருபது நாளுக்கு ஒண்ணு. அடிபட்ட காயம் இருபது நாள்ல ஆறும்னு துரையோட வைத்தியப் பொஸ்தகத்துல போட்டிருக்காம்.”

பொன்னுரங்கம் தன் கணக்கை விரலில் போட்டுப் பார்த்தான்.

தோணிரேவில் இருபது தலைக்கட்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நீர்தான் ஏரியிலேயே இறால் கொழிக்கும் இடம். அங்கே நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு வீட்டுக்கு இருபது நாளைக்கு ஒரு தடவை பாடு வரும். வீட்டுக்குடையவனே போய், மேற்குக் கரைப் பனைகளில் சூரியன் இறங்குவதற்குள் வலைக்கழி ஊன்ற வேண்டும். அண்ணனுக்காகத் தம்பி ஊன்ற முடியாது, நாளை மாற்றிக்கொள்ளவும் முடியாது. அப்படி மாற்ற விட்டால் வலுத்தவன் நாளெல்லாம் வலுத்தவனுக்கே போய்விடும் என்பது ஊரின் அனுபவம். தொடர்ந்து மூன்று பாடு தவறினவனுக்குப் பாட்டு வரிசையில் பெயர் கிடையாது. அவனும் அவன் பிள்ளைகளும் அதற்குப் பிறகு அடுத்தவன் கூடையைச் சுமக்க வேண்டியதுதான்.

வர்ற வெள்ளிக்கிழமை பொன்னுரங்கத்தின் பாடு.

அவன் முதலில் கலாசாலைக்குப் போனான். கௌஸ் மைதீன் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். விளையாட்டுச் சபைத் தலைவர் அதை வாங்கி, செயலாளருக்கு அனுப்பி, செயலாளர் ரெக்டருக்கு அனுப்பி, மூன்று நாளில் பதில் வந்தது. ‘தேதியை மாற்றினால் தேதி வேறாகிவிடும். ஆகவே மாற்ற இயலாது.’

பிறகு ஊர்த்தலைவர் மாணிக்கத்திடம் போனான். இருபது வீட்டுப் பாட்டு வரிசையையும் வாயிலேயே வைத்திருப்பவர் அவர். உறவில் மாமன்.

“ஒரு நாள் தள்ளிக் குடு மாமா. கோட்டைக்காரன் புடிச்சிக்கினு போறான்.”

“எங்கப்பனுக்கே தள்ளல பொன்னுரங்கம். அவரு செத்த அன்னிக்கி எங்க வூட்டுப் பாடு. பொணத்த வெச்சிக்கினு நான் போய்க் கழி ஊனிட்டு வந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிணத்தைத் தூக்கியவர்களில் பொன்னுரங்கமும் ஒருவன்.

முதல் ஆட்டம் சதுரங்கப்பட்டினத்துக் கலாசாலையோடு. ஏரிக்கரை மணலில் நடந்தது. அங்கேதான் தோணிரேவுக்காரர்கள் செய்யக்கூடிய ஒரே தவற்றை, பத்துப் பேரும் ஒருமிக்கச் செய்தார்கள். பந்து ஒன்று, ஆட்கள் இருபத்திரண்டு. ஒரு பொருள், பல பேர் என்றால் அதற்கு முறை உண்டு என்று பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். அதனால் முனியன் பந்தோடு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்று, எதிர் அணியில் ஒருவனைக் கூப்பிட்டு, “இந்தா நைனா, இப்போ உன் மொறை” என்று மரியாதையாகக் கையில் கொடுத்தான். சதுரங்கப்பட்டினத்தான் இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்து, பந்தை வாங்காமல் இரண்டு எட்டு பின்னால் போனான். முனியன் விடவில்லை. துரத்திப் போய்க் கொடுத்தான். அவன் ஓடிப்போய்ப் புள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வரும்வரை தோணிரேவு அணி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தது. அடுத்தவன் பாட்டில் கைவைப்பது திருட்டு அல்லவா?

பதினான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். பொன்னுரங்கம் மட்டும் ஆட்டம் முழுக்க மேற்கே பனைகளைப் பார்த்தபடி நின்றான். சூரியன் இறங்கியது. முதல் பாடு போயிற்று.

‘பகைவனைத் துரத்திப் பரிசளிக்கும் பண்பு உலகில் வேறெந்தக் கலாசாலையிலும் இல்லை’ என்று துரை மேல்சபைக்கு அறிக்கை எழுதினார்.

கௌஸ் மைதீன் அவர்களை உட்காரவைத்து, அந்தப் பதினொரு பேர் நம் ஊர்க்காரர் அல்ல, அவர்களுக்கு நம் பாட்டில் பங்கில்லை என்று எடுத்துச் சொன்னார். அது நியாயமாகவே பட்டது. அன்றே முறையைத் திருத்திக்கொண்டார்கள். இனிப் பந்து நம் பதினொரு பேருக்குள் மட்டும் சுற்றும். பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படி ஆபிரகாம் முதல், முனியன் பத்து, பொன்னுரங்கம் பதினொன்று.

இரண்டாவது ஆட்டத்துக்கு எதிர் அணி வரவில்லை. வாடைக் காற்றில் அவர்கள் படகு எங்கேயோ ஒதுங்கிவிட்டது. பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. ஓடிப் போய்த் தோணியைத் தள்ளிவிடலாம் என்று இரும்புத் தொப்பியைக் கழற்றினான்.

“தொப்பியை அணிக!” என்றார் துரை. “எதிரி வாராமை எதிரியின் குற்றம். ஆடாமை நம் குற்றமாகும். நாம் குற்றமற்றவராதல் வேண்டும்.”

“ஆளில்லாட்டியும் ஆடணுமாம்” என்றார் கௌஸ் மைதீன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்படியே மூன்று மணி நேரம் ஆடினார்கள். பதினொரு பேரும் வெற்று மணலை மோதி மோதி விழுந்தார்கள். அதிலும் இருவருக்குக் காயம். ஆபிரகாம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான். எதிரியே இல்லாதபோது எதிரியின் கோடு எப்படி இருக்க முடியும் என்று நடுவர் புள்ளியை மறுத்துவிட்டார். நடுவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில், முனியன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது கோட்டைத் தளபதி குறுக்கே வந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, இரவு விருந்துக்கு நல்ல கொடுவா மீன் கிடைக்குமா என்று விசாரித்தார். ரெக்டருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கலாசாலை விஷயத்தில் கோட்டை தலையிடுவதா? ஆட்டம் முடிந்ததும் முடியாததுமாக நான்கு அதிகாரிகளும் கூடிப் புது விதி ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். ‘எடுத்த பந்து தரையைத் தொடும் வரை அம்முயற்சியும் ஆட்டமும் உயிரோடிருக்கும். ஆட்டம் உயிரோடிருக்கையில் பந்தேந்தியவனை எதிர் அணியாரன்றி எந்த அதிகாரியும் தொடலாகாது. அவ்வணியில் எவனையும் வேறு பணிக்கு அழைக்கலாகாது. வேறு ஆட்டமும் தொடங்கலாகாது.’ இதைப் பெரிய எழுத்தில் எழுதி, கோட்டை வாசலில் தளபதியின் கண்ணில் படும்படி அடித்து மாட்டினார்கள். பதினொரு மாணாக்கரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கட்டளை.

பொன்னுரங்கமும் மனப்பாடம் செய்தான். செய்து முடித்தபோது பொழுது இறங்கியிருந்தது. இரண்டாவது பாடும் போயிற்று.

மூன்றாவது ஆட்டத்தன்று காலையில் அவன் மனைவி லோகநாயகி கஞ்சிக் கலயத்தை அவன் முன்னால் டக்கென்று வைத்தாள்.

“இன்னிக்கி போச்சின்னா பேரு போச்சி. தெர்தா?”

“தெரியும்.”

“தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?”

“போவலன்னா கோட்டைல வெச்சிப் பூட்டிருவான். அடுத்த பருவம் வரைக்கும் உள்ளதான். அப்பவும் பாடு போச்சி. போனாலும் போச்சி. நான் இன்னாடி பண்ணுவேன்?”

அவன் கலயத்தைத் தள்ளி வைத்தான். மூத்தவன் வாசலில் உட்கார்ந்து, அப்பன் கழி ஊன்றும் நாளில் தானும் தோணியில் வருவேன் என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கத்துக்கு அதைக் கேட்க முடியவில்லை.

லோகநாயகி மூலையில் கிடந்த வலையை இழுத்துத் தோளில் போட்டாள். பிறகு சொன்னாள்: “நான் தோணியில கழி, வலை எல்லாத்தியும் ஏத்தி அந்த மணல்மேட்டுக்குப் பின்னால கொண்டாந்து நிறுத்தறேன். நீ எப்டியாவது வந்து சேரு. வர்ல, நானே போய்க் கழிய ஊனிட்டு, ஊரு இன்னா பண்ணுதுன்னு பாக்கறேன்.”

“ஊரு ஒத்துக்காது.”

“அப்போ நீ வா.”

மூன்றாவது ஆட்டம் நாகப்பட்டினத்துக் கலாசாலையோடு. வந்தவர்கள் பதினொரு பேரும் பதினொரு பத்தாயம். மேல்சபையிலிருந்து ஒரு பரிசோதகர் துரையும் வந்திருந்தார். பருவம் ஒழுங்காக முடிகிறதா என்று பார்த்து எழுதிப் போவது அவர் வேலை.

உச்சிக்கு ஆட்டம் என்றார்கள். உச்சிக்கு ரெக்டர் வரவேற்புரை தொடங்கினார். அவர் முடித்ததும் செயலாளர் நன்றியுரை சொன்னார். பிறகு விளையாட்டுச் சபைத் தலைவர், நூலகப் பொறுப்பாளர். ஒவ்வொரு தடவையும் துரை கீழே இறங்கி, சுற்றி வந்து, மறுபடி மேடையேறினார். ஒவ்வொருவரும் முன்னால் பேசியவரைப் பாராட்டினார்கள்.

“யாம் இம்மீனவரைக் கைதூக்கிவிட்டோம்!” என்று கடைசியில் முழங்கினார். “ஈங்கு வருமுன் இவர்தம் நாளை இவரே வகுத்து வாழ்ந்தனர். இன்று அந்நிலை அறவே ஒழிந்தது!”

பரிசோதகர் கைதட்டினார். கௌஸ் மைதீனை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பொன்னுரங்கம் பனைகளை அளந்து பார்த்தான். சூரியனுக்கும் பனையுச்சிக்கும் நடுவே நாலு பனை உயரம் இருந்தது. மணல்மேட்டுக்குப் பின்னால் தோணியின் முனை தெரிந்தது. பந்து கைக்கு வந்தால் ஓடலாம். பந்தில்லாமல் ஓடினால் அவன் ஆட்டத்தை விட்டுப் போனவன். சிப்பாய்கள் தோணிக்கே வந்து பிடிப்பார்கள். பந்தோடு ஓடுகிறவனைத்தான் எந்த அதிகாரியும் தொடக்கூடாது. அந்த விதியை மனப்பாடம் செய்தது வீண்போகவில்லை. ஆனால் வரிசையில் அவன் பதினொன்றாவது ஆள்.

“வரிசைய மாத்திரலாம்டா” என்று முனியன் காதில் சொன்னான். “மொதல்லியே நீ எடுத்துக்கினு போ.”

பொன்னுரங்கத்துக்கு ஆசைதான். ஆனாலும் தலையை ஆட்டினான். “முகத்துவாரத்துல மாணிக்கம் மாமா நிக்கறாரு. முறைய மீறிக்கினு போய் எந்த மூஞ்சிய வெச்சி முறை கேக்கறது?”

அந்தப் பைத்தியக்காரத்தனம் மற்ற ஒன்பது பேருக்கும் உடனே புரிந்தது. வரிசையை மாற்ற முடியாது. வேகமாக ஓட்ட முடியும். ஆபிரகாம் பந்தை வாங்கினான். நாகப்பட்டினத்தான் ஒருவன் பத்தடி தூரத்தில் தும்மினான். ஆபிரகாம் ‘ஐயோ’ என்று மல்லாந்து விழுந்தான். இரண்டாமவன் எதிரி வருவதற்குள் தானே முழங்காலிட்டுப் பந்தைத் தரையில் வைத்தான். மூன்றாமவனும் நாலாமவனும் நின்ற இடத்திலேயே படுத்தார்கள். நாலு முயற்சி முடிந்து பந்து எதிர் அணிக்குப் போய்விட்டது. நாகப்பட்டினத்தார் நாலடி ஓடுவதற்குள் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். தோணிரேவார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பந்து திரும்பி வந்தது. ஐந்தாமவன் விழுந்தான். ஆறாமவன், ஏழாமவன், எட்டாமவன் விழுந்தார்கள். எதிரிக்கு இன்னொரு புள்ளி.

“எழுமின்! எழுமின்!” என்று துரை தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன ஒழுங்கு, என்ன வரிசை!” என்று பரிசோதகர் வியந்து குறித்துக்கொண்டார்.

சூரியன் பனையுச்சியைத் தொட ஒரு பனை உயரம்தான் பாக்கி. ஒன்பதாமவன் விழுந்தான். முனியன் விழுந்ததோடு நிற்காமல், மேலே விழுந்த நாகப்பட்டினத்தானின் கால் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டான். “போடா!” என்று கத்தினான்.

பந்து பொன்னுரங்கத்தின் கைக்கு வந்தது.

அவன் ஓடினான். ஒருவன் மெத்தையைப் பிடித்து இழுத்தான், தேவாலயத்து மெத்தை கிழிந்து அவன் கையோடு போயிற்று. இன்னொருவன் காலில் விழுந்தான், பொன்னுரங்கம் தாண்டினான். எதிரியின் கோடு ஏரிப் பக்கம். அதையும் தாண்டினான். துரை மேடையிலிருந்து குதித்து, “வை! தரையில் வை!” என்று கூத்தாடினார். அந்தப் பருவத்தில் கலாசாலைக்குக் கிடைக்க இருந்த ஒரே புள்ளி அது. பொன்னுரங்கம் பந்தை வைக்கவில்லை. சேற்றில் இறங்கினான். துரத்தி வந்த நாகப்பட்டினத்துப் பத்தாயங்கள் முழங்கால் வரை புதைந்து நின்றன. அவனுக்கு அந்தச் சேறு வீட்டுத் தரை.

லோகநாயகி தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் ஏறினான். அவள் ஊன்றித் தள்ளிய வேகத்தில் தோணிக்கழி வளைந்தது. அவன் ஒரு வலைத்துண்டில் பந்தைச் சுருட்டிக் கழுத்தில் கட்டிக்கொண்டு வலைக்கழிகளைக் கையில் எடுத்தான். முகத்துவாரத்தில் மாணிக்கம் தம் தோணியில் எழுந்து நின்று பனைகளையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் ‘வா, வா’ என்று அசைந்தது.

முதல் கழி இறங்கும்போது சூரியனில் பாதி பனைக்குள் போயிருந்தது. கடைசிக் கழி இறங்கியபோது ஒரு நகக்கீற்று மிச்சம்.

“பொன்னுரங்கம் பாடு” என்று மாணிக்கம் உரக்கச் சொன்னார். லோகநாயகி தோணியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொன்னுரங்கத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. அவன் பெயர் வரிசையில் இருந்தது, பிள்ளைகள் பெயரும் இருக்கும்.

பின்னாலேயே கோட்டைப் படகு வந்து சேர்ந்தது. அதில் ரெக்டர், பரிசோதகர், கௌஸ் மைதீன், நாலு சிப்பாய்கள். சிப்பாய் ஒருவன் பொன்னுரங்கத்தைப் பிடிக்கக் கை நீட்டினான்.

“தொடாதே!” என்றார் கௌஸ் மைதீன். இருபது வருட உத்தியோகத்தில் துரைமார் முன்னால் அவர் தாமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். “பந்து இன்னும் தரையைத் தொடலை. ஆட்டம் உசிரோட இருக்கு. கோட்டை வாசல்ல எழுதிப் போட்டிருக்கு, துரையே போட்ட விதி.”

பரிசோதகர் ரெக்டரிடமிருந்த விதிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தார். மூன்று தடவை படித்தார். சட்டப்படி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். படகில் ஏறி வர நாகப்பட்டினத்தாருக்குத் தைரியம் இல்லை. இருட்டும் வரை எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கம் இறால் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று ஊர் கூடியது. ஆட்ட நேரம் தீர்ந்துவிட்டது, இனிப் பந்து கீழே பட்டால் அந்த முயற்சியோடு ஆட்டமும் பருவமும் முடியும். முடிந்தால் அடுத்த பருவம் தொடங்கும், மறுபடி பத்துப் பேர் பெயரை எழுதிக்கொண்டு போக வருவார்கள். பந்து மேலேயே இருந்தால்? விதியைத் துரையே எழுதி மாட்டியிருக்கிறார், யாரையும் எதற்கும் அழைக்க முடியாது. இதற்கு மேல் யாரும் யோசனை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பொருள், இருபது வீடு. மாணிக்கம் அங்கேயே வரிசை சொல்லிவிட்டார். நாளுக்கு ஒரு வீடு, விடிந்ததும் கைமாற்ற வேண்டும், உத்தரத்தில் உறி கட்டித் தொங்கவிட வேண்டும்.

நாகப்பட்டினத்தார் பத்து நாள் கரையில் காத்திருந்துவிட்டுக் கப்பலேறினார்கள். பரிசோதகரும் போனார். பருவம் முடிந்த அறிக்கை கைக்கு வராமல் ரெக்டருக்குக் கப்பலில் இடம் கிடையாது என்பது மேல்சபையின் விதி. துரை மட்டும் தங்கினார்.

ஐந்து வருடம் ஆயிற்று. காய்ச்சல்கார மாணாக்கர் இருவரும் தேறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆபிரகாம் கோட்டையிலேயே எழுத்தராகிவிட்டான். துரை வாரத்துக்கு இரண்டு தடவை தோணிரேவுக்கு நடந்து வந்து, வீடு வீடாகக் கெஞ்சிவிட்டுப் போவார். கெஞ்சிக் கெஞ்சி அவருடைய ஓலைச்சுவடித் தமிழ் கரைந்து போயிற்று. இப்போது அவருக்குத் துபாஷி தேவையில்லை.

ஒருநாள் வெயிலில் வந்து பொன்னுரங்கத்தின் வாசலில் நின்றார். முடி நரைத்திருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை.

“பொன்னுரங்கம், ஒரே ஒரு தபா கீழ வெச்சிடுப்பா. எங்கம்மா அங்க கெடையா கெடக்கறா. ஊருக்குப் போவணும்பா.”

பொன்னுரங்கத்துக்கு மனம் இளகிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே இளகிவிட்டது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தான்.

“இன்னிக்கி என் மொறை இல்லியே தொரை. பந்து முனியன் வூட்ல கீது.”

“அவன் ஓங்கிட்ட கேக்கச் சொன்னாம்பா. பதினொன்னாவது ஆளு நீதானாம், ஓங்கையிலதான் ஆட்டமாம். ஒன் மொறை எப்போ வருது?”

பொன்னுரங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டு தடவை எண்ணினான், தப்பு வந்துவிடக் கூடாதே என்று.

“வர்ற திங்கக்கெழமை. ஆனா அன்னிக்கி எனக்குப் பாடு தொரை, வூட்ல இருக்க மாட்டேன்.”

“அதுக்கடுத்த மொறை?”

“அன்னிக்கும் பாடுதான்” என்றான் பொன்னுரங்கம், மிகுந்த வருத்தத்தோடு. “ரெண்டும் இருபது நாளுக்கு ஒருக்கா வருது பாருங்கோ. தேதிய மாத்தறதுக்கு எங்கூர்ல வழியில்ல.”